பூங்காவை இடித்துவிட்டுப் பூங்கா கட்டாதீர்கள்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கும்,

எங்கள் குடியிருப்பின் பொது இடத்தில் நாங்கள் நட்டு வளர்த்த மரங்களை அகற்றிவிட்டு அங்கே 'நவீன பூங்கா' அமைப்பதென்று மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. அதற்கான அறிவிப்பை எங்கள் மூங்கில் கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வைத்த செடிகொடிகளையும் பொருள்களையும் நாங்களே பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் நகராட்சி அப்புறப்படுத்தி, அந்தச் செலவை எங்களிடம் வசூல் செய்யுமாம். மறுநாளே அளவைக்காரர்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மரங்களில் மஞ்சள் பெயின்டால் எண் எழுதினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நாவல் மரத்துக்கு 14.

இதைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள எங்களால் முடியாது. அந்த இடத்தைப் பராமரிக்கும் கணக்கு நோட்டு என்னிடம் இருப்பதால் கடிதம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் நிலம் யாருடையது என்பதைப் பேசிவிடுவோம். அது நகராட்சியின் நிலம்தான். அதில் எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, யாரும் அங்கே பட்டா கேட்கவும் இல்லை. ஆனால் அது நகராட்சியின் கைக்கு எப்படி வந்தது? தமிழ்நாட்டில் பெரிய லேஅவுட் போடுகிறவர், சாலைகள் போக மீதி நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கென்று உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது, நிலமாகவே கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். லேஅவுட் போட்டவர் அதைத் தன் கைக்காசிலிருந்தா தானம் செய்தார்? அந்தப் பத்து சதவீதத்தையும் மனை விலையில் ஏற்றித்தானே விற்றார்கள். இங்கே மனை வாங்கிய எங்கள் பெற்றோர் தவணை கட்டி வாங்கியதில் இதுவும் சேர்த்தி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய லேஅவுட் வரைபடத்தில் அந்த இடத்தில் 'பூங்கா' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வரைபடத்துக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

அந்த முப்பது வருடத்தில் பெரும்பகுதி அது என்னவாக இருந்தது என்று இன்றைய அதிகாரிகள் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, மாற்றலில் வந்தவர்கள். தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சாலையோரம் முழுக்க ஓட்டல் இலையும் கோழிக்கடை இறகும் கிடக்கும். உள்ளே போனால் இடித்த வீடுகளின் செங்கல், உடைந்த டைல்ஸ், போர் போட்டபோது வந்த சேற்றை யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியது. அதற்கும் பின்னால் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் பெண்கள் நடக்க மாட்டார்கள், டியூஷன் போகும் பிள்ளைகளை அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொல்வோம். மழைக்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீரும் அதில் மிதக்கும் குவாட்டர் பாட்டில்களும் எங்கள் வாசல்வரை வரும். மனு கொடுத்தோம். வருடத்துக்கு ஒருமுறை ஜேசிபி வரும். குப்பையை அள்ளாது, மூலையில் ஒதுக்கிவிட்டுப் போய்விடும்.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் தெருவில் டெங்குக் காய்ச்சல் பரவி, ஒரு வீட்டுப் பிள்ளை பிழைத்ததே பெரிய விஷயம் என்று ஆன பிறகுதான் நாங்கள் இறங்கினோம். தன்னார்வலர்கள் என்று இப்போது பத்திரிகையில் போடுகிறார்கள். அன்றைக்கு இறங்கியவர்கள் ஒரு மின்வாரிய ஓய்வுபெற்ற லைன்மேன், பூக்கட்டும் அம்மா ஒருவர், கல்லூரிப் பையன்கள் சிலர், தையல் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு நான், அப்புறம் திட்டிக்கொண்டே தினமும் வந்த ஒரு பெரியவர். கடப்பாரையை ஓங்கிப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும், மண்ணே இல்லை. முழங்கால் ஆழத்துக்கு இடிபாடு. அதை அள்ளி எடுக்கவும், குழிகளுக்கு வண்டல் மண் கொண்டுவந்து நிரப்பவும் ஆன டிராக்டர் வாடகைதான் எங்கள் நோட்டில் முதல் இரண்டு பக்கம். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இன்றும் காட்டலாம். பத்து ரூபாய்க் கணக்கும் இருக்கிறது.

என்ன நடுவது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. குல்மோகர், பெருங்கொன்றை வைத்தால் சீக்கிரம் பூக்கும், அழகாக இருக்கும் என்றார்கள் பையன்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது சாலையில் விழுந்து கிடந்தவற்றில் அந்த மாதிரி மரங்கள்தான் எவ்வளவு என்று லைன்மேன் அண்ணன் சொன்னார். மின்கம்பி சரிசெய்ய வெளியூரிலிருந்து அனுப்பிய ஆட்களில் அவரும் ஒருவர். கடைசியில் அவர் பேச்சுத்தான் நின்றது. நாவல், வேம்பு, புங்கன், இலுப்பை, பூவரசு, நீர்மருது, மகிழம். வேலி ஓரத்தில் நொச்சியும் ஆடாதொடையும். நொச்சி வைத்தது கொசுவுக்காக. அதனால் கொசு போயிற்றா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் தலைவலி வந்தால் இலை பறிக்க மூன்று தெரு ஆட்கள் வருகிறார்கள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. கோடையில் குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினோம். பக்கத்து அடுக்குமாடியில் ஏசித் தண்ணீரைக் குழாய் போட்டுச் சேர்த்துத் தந்தார்கள். மூன்றாவது வருடத்துக்குப் பிறகு மரங்கள் எங்களைக் கேட்கவில்லை. இன்றைக்கு அங்கே ஊற்ற வேண்டியது கீரைப் பாத்திக்கு மட்டும்தான்.

உங்கள் பொறியாளர் வந்தபோது ஓரத்தில் இருக்கும் இலைக்குழிகளைப் பார்த்து "இது என்ன குப்பை?" என்று கேட்டார். ஐயா, அது உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. செங்கலைச் சிமென்ட் இல்லாமல் இடைவெளி விட்டு அடுக்கிய நான்கு தொட்டிகள். இந்தப் பகுதியின் தூய்மைப் பணியாளர்கள் தெருக் கூட்டிச் சேர்க்கும் சருகை முன்பு சாலையோரம் கொளுத்துவார்கள், வீட்டுக்குள் புகை மண்டும். இப்போது வண்டியைக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். மேலே சாணிக் கரைசல் தெளித்து, காயவிடாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் அடியில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் மாதிரி மணக்கும் உரம் கிடைக்கிறது. தெருவாசிகள் மாடித்தோட்டத்துக்கு எடுத்துப்போகிறார்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இலைதழைக் கழிவைக் கொளுத்தக் கூடாது என்றும், மட்கும் குப்பையை முடிந்தவரை அந்தந்த இடத்திலேயே உரமாக்க வேண்டும் என்றும் இருப்பதைப் பொறியாளருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, நீங்கள் கொண்டுவரும் பூங்கா எப்படி இருக்கும்? டெண்டர் வரைபடத்தின் நகலை எங்கள் கவுன்சிலரிடம் வாங்கிப் பார்த்தோம். சாலையை ஒட்டி ஆறு கடைகள், அவற்றுக்கு முன்னால் இருசக்கர வாகன நிறுத்தம். உள்ளே மூன்றில் இரண்டு பங்கு இடத்துக்குப் பேவர் பிளாக். நடுவில் செயற்கை நீரூற்று, அதைச் சுற்றிக் கொரியன் புல், அலங்காரப் பனை. நுழைவில் ஆள் உயர எழுத்தில் 'ஐ லவ்' என்று ஊர் பெயர் போட்டு ஒரு செல்ஃபி இடம். ஊரை நேசிக்கிறேன் என்று எழுதி வைப்பதற்காக ஊரில் வளர்ந்த மரத்தை வெட்டுகிறோம். நிழலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, தகரக் கூரை போட்ட இரண்டு 'கெசிபோ' இருக்கிறது என்றார்கள். மே மாதம் மதியம் தகரக் கூரைக்கு அடியில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

இதே மாதிரிப் பூங்கா ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சில வருடங்களுக்கு முன் ரிப்பன் வெட்டித் திறந்தது. ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்ததோடு மோட்டார் நின்றது, நீரூற்றுத் தொட்டியில் கொசுப்புழு. புல் முதல் கோடையிலேயே காய்ந்து போயிற்று. உடற்பயிற்சிக் கருவிகளில் இரண்டு உடைந்து, மூன்றாவதன் கைப்பிடியை யாரோ கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். காலையில் திறப்பதற்கு ஆள் இல்லாததால் பெரும்பாலும் பூட்டுத்தான். அந்தப் பூங்காவைக் கட்டியவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டுவதற்குப் பணம் வருகிறது, பராமரிக்க வருவதில்லை, இது எல்லா ஊரிலும் உள்ள கதை. ஆனால் பராமரிக்க ஆள் தானாக முன்வந்து, சம்பளம் கேட்காமல், ஏழெட்டு வருடம் செய்து காட்டிய ஒரே இடத்தை எதற்காகத் தேடிப்பிடித்து இடிக்கிறீர்கள்? கட்டணும் என்றால் முதலில் அந்த நீரூற்றைச் சரிசெய்யுங்களேன்.

மரங்களை வெட்டவில்லை, வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடப்போகிறோம் என்று தலைவர் நிருபர்களிடம் சொன்னதாகப் படித்தோம். ஆல், அரசு போன்றவை அதைத் தாங்கும். ஆணிவேர் இறங்கிய வேம்பும் இலுப்பையும் அவ்வளவு எளிதில் பிழைக்காது. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்து நட்ட மரங்களை ஏரிக்கரையில் போய்ப் பாருங்கள், வரிசையாக மொட்டை முண்டுகள் நிற்கின்றன. அரசு நிலத்து மரத்தில் கை வைக்க வேண்டும் என்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று கேட்டோம். பதில் இல்லை. ஆனால் மரத்துக்கு எண் மட்டும் வந்துவிட்டது.

உங்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளை முறிந்து யார் தலையிலாவது விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நகராட்சிதான். இன்றைக்கு உற்சாகமாக வருகிறவர்கள் நாளைக்கு வீடு மாறிப் போய்விட்டால் அந்த இடம் மறுபடி குப்பைமேடாகும் என்று பயப்படுவதும் நியாயம். சில இடங்களில் 'நலச் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு பொதுப் பூங்காவுக்குப் பூட்டுப் போட்டு, வேலை செய்யவரும் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் உள்ளே வரக்கூடாது என்று தடுத்த அநியாயமும் நடந்திருக்கிறது. எங்கள் மூங்கில் கேட்டுக்குப் பூட்டு கிடையாது. கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டுப் புங்க மரத்தடியில் படுக்கிறார்கள். அது சிலருக்குப் பிடிக்கவில்லை என்பதும், 'நவீன பூங்கா' வேண்டுமென்ற மனுவில் அவர்கள் கையெழுத்து இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெருவுக்குள் நடக்கும் விஷயம், மறைத்து என்ன ஆகப்போகிறது.

உங்கள் வரைபடத்தில் எங்களுக்கு வேண்டியவையும் உண்டு. கழிப்பறை வேண்டும். பெண்கள் அங்கே அதிக நேரம் உட்காராததற்கு அது இல்லாததுதான் காரணம். நான்கு விளக்குக் கம்பங்கள் வேண்டும், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு சரிவுப் பாதை வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிட்டோம்.

பொது நிலத்தை மக்கள் பராமரிப்பதற்கு முன்னுதாரணம் இல்லை என்று ஆணையர் அலுவலகத்தில் எங்களிடம் சொன்னார்கள். சென்னை கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொதுப்பணித்துறை நிலத்தை 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் நாட்டுமரப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். ஒருநாள் நடந்துபோய்ப் பாருங்கள். திருப்பூரில் 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று ஊரே மரம் நட்டு வளர்க்கிறது. இன்னும் தூரமாகப் பார்க்க வேண்டும் என்றால் நியூயார்க். 1970-களில் அந்த நகரத்திடம் காசு இல்லை, இடிந்த கட்டட மனைகள் குப்பையும் போதை ஊசியுமாகக் கிடந்தன. 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவருடைய நண்பர்களும் அப்படி ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார்கள். மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா? மறு வருடம் அந்த இடத்தை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடமே கொடுத்தது. 1978-இல் இதற்கென்றே 'கிரீன்தம்ப்' என்று ஒரு பிரிவு தொடங்கியது. நிலம் நகரத்தினுடையது, பராமரிப்பு மக்களுடையது, நடுவில் எழுத்துப்பூர்வமான உரிம ஒப்பந்தம். வாரத்தில் சில மணி நேரமாவது கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்று அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அப்படி நடக்கின்றன. நடுவில் 1999-இல் மேயர் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பினார். மக்கள் சாலைக்கு வந்தார்கள், இரண்டு அமைப்புகள் பணம் திரட்டி அந்த மனைகளை வாங்கிக் காப்பாற்றின. எங்களால் அப்படி வாங்க முடியாது. எங்கள் நோட்டில் இப்போதிருக்கும் மிச்சம் ஒரு மண்வெட்டிக்குக் காணும்.

சட்டத்தையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், கடைகள் விஷயம் இருப்பதால். தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் 1959-இலிருந்து இருக்கிறது. பட்டியலில் உள்ள பூங்காவை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, குடியிருப்போர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1991-இல் முத்தப்பா வழக்கு என்று வந்த தீர்ப்பு அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனைக்கே அப்படி என்றால் மொபைல் ரீசார்ஜ் கடைக்கும் டீக்கடைக்கும் என்ன சொல்வார்கள்? பேவர் பிளாக் விஷயத்திலும், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது, இருப்பதைப் பெயர்க்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. வழக்கு, வக்கீல் என்று அலைய எங்களுக்கு ஆசை இல்லை. அலைய மாட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

மூங்கில் கேட்டில் ஒட்டிய அறிவிப்பை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற வேண்டும். செலவை எங்களிடம் வசூலிப்போம் என்ற வரி அதில் இருக்கும்வரை, தினக்கூலிக்குப் போகிறவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றவே பயப்படுகிறார்கள்.

டெண்டரை நிறுத்தி வைத்து, வரைபடத்திலிருந்து கடைகளையும் நீரூற்றையும் பேவர் பிளாக்கையும் எடுத்துவிட்டு, கழிப்பறை, விளக்கு, சரிவுப் பாதை மூன்றையும் மட்டும் வைத்து எஸ்டிமேட்டைத் திருத்த வேண்டும். 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும். திருத்திய எஸ்டிமேட்டுக்கு அந்தப் பங்கைத் திரட்டித் தருகிறோம். வேலையாகவும் கொடுக்கலாம் என்றால் இன்னும் எளிது.

பசுமைக் குழுவின் முடிவு எழுத்தில் வரும்வரை ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. உங்கள் தோட்டக்கலைப் பிரிவோ வனத்துறையோ வந்து மரங்களைப் பார்த்து, ஆபத்தான கிளை எது என்று சொன்னால் அதைக் கழிக்க நாங்களே உதவுகிறோம்.

பராமரிப்புக்கு எங்களுடன் ஒரு ஒப்பந்தம் போடுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற மாதிரி. நிலம் நகராட்சியுடையது, யாரும் எந்த உரிமையும் கோர முடியாது, கேட் பூட்டக்கூடாது, எந்தச் சாதி, எந்த ஊர், எந்த வேலை என்று பார்த்து யாரையும் தடுக்கக்கூடாது, வரவுசெலவை வருடா வருடம் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று நிபந்தனைகளை நீங்களே எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறோம். நாங்கள் தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். இதே ஏற்பாட்டை ஊரில் மற்ற ஓ.எஸ்.ஆர். நிலங்களுக்கும் செய்ய வேண்டும். அவற்றின் பட்டியலைச் சர்வே எண்ணோடு நகராட்சி வாசலில் ஒட்டினாலே போதும், எத்தனை தெருக்காரர்கள் வருவார்கள் என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் மாநிலம் முழுக்க, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களை ஆரவாரமாக நடத்தினீர்கள். எங்கள் வார்டிலும் நடந்தது, டீயும் வடையும் கொடுத்தார்கள். இந்த மரங்களைப் பற்றிய தீர்மானம் எந்தப் பகுதி சபையிலும் பேசப்படாமல் நேராக மன்றத்துக்குப் போயிருக்கிறது. அறிவிப்பின் பதினைந்து நாள் முடிவதற்குள் எங்கள் பகுதி சபையைக் கூட்டுங்கள். எங்களுக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரையும், எங்களுக்கு எதிராகப் போட்டவர்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். பொறியாளரை வரைபடத்தோடு அனுப்பி வையுங்கள். கணக்கு நோட்டை நான் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
பூங்காவைப் பராமரிக்கும் தெருவாசிகள் சார்பில்,
கணக்கு எழுதுபவர்